அப்பா முந்திக்கிட்டுப் போட்ட ஸ்தோத்திர காணிக்கை

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

என் கண்ணு ஹெப்சிபாவுக்கு, அம்மா கிருபாவதி எழுதுறது. இங்க நானும் உங்கப்பாவும் கர்த்தர் கிருபையால சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, நல்ல சுகமா இருக்கோம். அங்க நீ சுகமான்னு கேட்கிறது தான் கடுதாசி முறை, ஆனா உன் சுகம் எந்த லட்சணத்துல இருக்குன்னு எனக்கே தெரியும், அதனால கேட்கல. போன் இருக்கும்போது எதுக்கும்மா பேப்பர்ல எழுதி உயிரை வாங்குறேன்னு நீ நினைப்பே. போன்ல நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு, வார்டுல கூப்பிடுறாங்கன்னு வெச்சுடுறே. கடுதாசியை நடுவுல கட் பண்ண முடியாது பாரு. எழுதி முடிச்சதும் உங்கப்பா போட்டோ புடிச்சு வாட்ஸப்ல அனுப்புவாரு, எழுத்து கோணலா இருந்தா பெருசு பண்ணிப் படி. ஓரத்துல அவரு கட்டைவிரல் வந்திருந்தா அதையும் ஒரு தடவை பார்த்துக்க, அப்பாவைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஊர் சமாச்சாரம்னா, போன பௌர்ணமிக்கு மலை சுத்த வந்த ஜனத்தைப் பார்த்து நானே ஆடிப் போயிட்டேன். செங்கம் ரோட்டுல கால் வைக்க இடமில்ல, பால்காரரே உள்ள வர முடியாம திரும்பிப் போயிட்டாரு, ரெண்டு வேளையும் வரக்காப்பி தான். உங்கப்பா அதைக் குடிச்சுட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, நான் தான் என்னமோ அத்தனை பேரையும் பஸ் வெச்சு வரவழைச்ச மாதிரி. நம்ம மாடி ரூமுக்கு இந்த வருஷமும் அந்த ஜெர்மன்காரம்மா இங்கிரிட் வந்துட்டாங்க. காலையில எழுந்து ஆசிரமத்துக்குப் போய் கண்ணை மூடி உட்கார்ந்துட்டு வராங்க, வந்ததும் என் சட்னியைத் தொட்டுக்கிட்டு இட்லி சாப்பிடுறாங்க, மனசுக்கு ரொம்ப சமாதானமா இருக்குன்னு சொல்றாங்க. ஆசிரமத்துனாலயா சட்னியினாலயான்னு நான் கேட்டுக்கல. எனக்கு ஒண்ணு தான் புரியல. அவங்க அங்கேர்ந்து பிளேன் ஏறி மனசமாதானம் தேடி நம்ம தெருவுக்கு வராங்க, நீ நம்ம தெருவுலேர்ந்து பிளேன் ஏறிப் போய் அயர்லாந்துல அதைத் தொலைச்சுட்டு நிக்கிறே. ஏர்போர்ட்டுல பெட்டி மாறிப் போச்சோ என்னமோ, எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டியா தானே இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். டியூட்டியில இருக்கும்போது உனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை மரத்துப் போய், மூச்சு முட்டி, ஹார்ட் அட்டாக்குன்னு நினைச்சு, நீ வேலை பாக்கிற ஆஸ்பத்திரியிலயே உன்னைப் படுக்க வெச்சு இசிஜி எடுத்தாங்க. நெஞ்சுல ஒண்ணும் இல்ல, பதட்டத்துனால வர்றது, மனசுக்கு ஆலோசனை சொல்ற கவுன்சிலரைப் பாருன்னு சொல்லி இந்த வியாழக்கிழமைக்கு எழுதிக் குடுத்தாங்க. அப்புறமும் பஸ்ஸுல ஒரு தடவை, பாத்ரூம்ல ஒரு தடவை வந்துச்சுன்னு நீயே சொன்னே. அதெல்லாம் கேட்டுக்கிட்டு நான் தைரியமா தான் இருந்தேன். ஆனா வெள்ளிக்கிழமை போன் பண்ணி, நான் போகலம்மா, கேன்சல் பண்ணிடப் போறேன்னு சொன்னே பாரு, அன்னியிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. ஏன்டின்னு கேட்டா, அப்பா தான் காணிக்கை போட்டுட்டாரே, சபையில எல்லாரும் எனக்கு சுகமாயிடுச்சுன்னு ஸ்தோத்திரம் பண்ணிட்டாங்களே, இப்போ நான் போனா அப்பா சபையில பொய் சொன்ன மாதிரி ஆயிடும், கர்த்தரை நான் நம்பாத மாதிரியும் ஆயிடும்னு அழுதே. அயர்லாந்துல நீ எந்தக் கதவைத் தட்டுறேன்னு நம்ம சபைக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன், கர்த்தருக்குத் தெரியுமேன்னு சொன்னே. அவருக்குத் தெரியும்டி. உங்கப்பா ஒரு அவசரக்குடுக்கைன்னும் அவருக்கு ரொம்ப நாளா தெரியும்.

அந்தக் காணிக்கைக் கதையை நீ அரையும் குறையுமா கேட்டிருக்கே, முழுசா சொல்றேன் கேளு. நம்ம சபையில புள்ளை பாஸானாலும், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சாலும், புது வீடு கட்டினாலும், கவர்ல காணிக்கை வெச்சு மேல காரணத்தை எழுதிப் போடுவோம், போதகர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிச்சு ஜெபம் பண்ணுவாரு. நடந்ததுக்கு அப்பால போடுறது தான் எல்லாரும் பண்றது. உங்கப்பா இருக்காரே, போன்ல யாரோ ஒரு பிரசங்கியார் பேசினதைக் கேட்டிருக்காரு. கிடைச்சுட்டதா நம்பி முதல்லயே நன்றி சொல்லிடு, அப்புறம் தன்னால கிடைக்கும்னு அவரு சொல்லியிருக்காரு. போதாதா? ஆயுசு பூரா கவர்மென்ட் பஸ் ஓட்டினவரு, ஒரு ஸ்டாப்புக்காவது நேரத்துக்கு முன்னாடி போய்ச் சேர்ந்திருப்பாரா? இதுல மட்டும் முந்திக்கிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பெண்கள் பக்கம் நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கேன், போதகர் கவரை எடுத்து, சகோதரர் இளவரசன் குடும்பத்தார், அயர்லாந்து தேசத்தில் இருக்கும் மகள் ஹெப்சிபாவின் நெஞ்சுப் படபடப்பும் பயமும் நீங்கிப் பூரண சுகம் கிடைத்ததற்காகன்னு வாசிக்கிறாரு. எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துடுச்சு. அல்லேலூயான்னு மொத்த சபையும் சொல்லுது, நான் வாயைத் திறக்கவும் முடியல மூடவும் முடியல. வெளிய வந்தா ஆளாளுக்குக் கையைப் புடிச்சுக் குலுக்குறாங்க. பெண்கள் ஐக்கியத் தலைவி ராஜம்மாள் அக்கா என்னைக் கட்டிப் புடிச்சாங்க, நான் செருப்பைத் தேடிப் போடுறதுக்குள்ள உனக்கு மெசேஜ் போயிடுச்சு. அவங்க விரல் வேகத்துக்கு இந்த ஊர் நெட்வொர்க் பத்தாது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டைக் கூடச் சாத்தாம புடிச்சுக்கிட்டேன் அவரை. யாரைக் கேட்டு எழுதினீங்க, அவளுக்கு சுகமாயிடுச்சுன்னு உங்களுக்கு யாரு தந்தி குடுத்தாங்கன்னு நல்லா கேட்டேன். மாடியில இங்கிரிட் அம்மா தியானத்தைப் பாதியில விட்டுட்டு எட்டிப் பார்க்கிறாங்க. அவரு சட்டையைக் கழட்டி மாட்டிட்டு வந்து உட்கார்ந்து, அவ அங்க மூச்சு முட்டுதுன்னு சொல்றா கிருபா, நான் இங்க டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன், என்னால வேற என்ன தான் பண்ண முடியும்னு கேட்டாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. அப்புறம் திட்டுறதுக்கு மனசு வரல, பாக்கியைச் சாயங்காலத்துக்கு வெச்சுக்கிட்டேன்.

இதுல ராஜம்மாள் அக்கா உனக்கு உபவாசம் இருக்கச் சொல்லி வேற சொல்லிக் குடுத்திருக்காங்க, நீயும் டியூட்டிக்கு வெறும் வயித்தோட போயிருக்கே. நல்லா இருக்குடி உன் புத்தி. நின்னுக்கிட்டே வேலை பாக்கிற பொண்ணு, ஏற்கெனவே நெஞ்சு அடிச்சுக்குது, சாப்பிடாம போனா அது இன்னும் ஜாஸ்தியா அடிக்காம தாலாட்டா பாடும்? ஞாயிறு பள்ளியில நீ படிச்சது தானே, அந்தத் தீர்க்கதரிசி ராணிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்துல ஒரு செடிக்கடியில விழுந்து, போதும் ஆண்டவரே செத்துப் போறேன்னு படுத்துட்டாரே. தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கமா பண்ணான்? உன் விசுவாசம் எங்கய்யான்னு கேட்டானா? அடை சுட்டு வெச்சு, பக்கத்துல தண்ணியும் வெச்சு, எழுந்து சாப்பிடுன்னான். சாப்பிட்டு மறுபடி படுத்துட்டாரு, அப்பவும் எழுப்பி மறுபடி சாப்பிடுன்னு தான் சொன்னான். எனக்கு வேதத்துல ரொம்ப புடிச்ச இடம் அது, ஏன்னா நான் பண்ற வேலையும் அதே தான், எனக்கு ரெக்கை தான் இல்ல. அதனால முதல்ல வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த ஊர் ரொட்டி ஒத்துக்கலன்னா சோத்தை வடிச்சுத் தயிரையாவது ஊத்திக்க. உபவாசத்தை இங்க நாங்க பாத்துக்கிறோம், ராஜம்மாள் அக்காவுக்கும் கொஞ்சம் உடம்பு இளைச்சா நல்லது தான்.

பயம் உனக்கு இன்னைக்குப் புதுசா வந்த விருந்தாளி இல்லடி. கார்த்திகை தீபத்துக்கு மலை மேல ஜோதி ஏத்தினதைப் பார்த்து, மலை பத்திக்கிச்சு, தண்ணி ஊத்துங்கன்னு தெரு பூரா கேட்கிற மாதிரி கத்தினவ நீ. நோவா கப்பல் கதை கேட்டுட்டு வந்து ஒரு வருஷம் பூரா மழை தூறினா போதும், நமக்குக் கப்பல் ரெடியா இருக்காம்மான்னு கேட்பே. உங்கப்பா தான் டிப்போவுல பஸ் நிக்குது, அது தண்ணியில போகும்னு சொல்லித் தூங்க வைப்பாரு. நர்சிங் சேரப் போறேன்னு நீ சொன்ன அன்னைக்கு, ஊசி போடும்போது பேஷன்ட்டு மயங்குவாரா இவ மயங்குவாளான்னு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா நீ படிச்சு முடிச்சே, கடல் தாண்டிப் போனே, முன்ன பின்ன தெரியாத ஊர்ல யார் யார் புண்ணையோ கழுவிக் கட்டிட்டு இருக்கே. இதெல்லாம் பயம் போனதுக்கு அப்பாலயா பண்ணே? இடுப்புல பயத்தையும் தூக்கி வெச்சுக்கிட்டுத் தானே பண்ணே. நானும் லேசுப்பட்ட ஆள் இல்ல. கேஸை மூடினேனான்னு சந்தேகப்பட்டு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போன ஆட்டோவைத் திருப்பினவ, அந்தக் கேஸ்லயே சமைச்சுக்கிட்டு, பயப்படாதேன்னு பாட்டுப் பாடினவ. அதனால இது எங்க வீட்டு சொத்து, உங்கப்பா வீட்டு ஆளுங்களுக்குப் பங்கு கிடையாது.

விசுவாசம் கம்மியான்னு நீ கேட்டது தான் எனக்கு மனசைக் குடையுது. நான் பெருசா படிச்சவ இல்ல, எனக்குத் தோணினதைச் சொல்றேன். பயப்படாதே பயப்படாதேன்னு வேதத்துல அத்தனை இடத்துல எழுதி இருக்குன்னா, பயந்து நடுங்கினவங்க அத்தனை பேரு அவருக்கு வேண்டியவங்களா இருந்திருக்காங்க. தைரியசாலிகிட்ட போய் யாராவது பயப்படாதேன்னு சொல்வாங்களா? நம்ம ஆண்டவரே சிலுவைக்குப் போற முன்னாடி அந்தத் தோட்டத்துல ரத்தம் மாதிரி வேர்த்து நின்னாரு. கூட இருந்தவங்ககிட்ட, என் மனசு ரொம்பக் கஷ்டப்படுது, கொஞ்சம் என்கூட முழிச்சிருங்கன்னு கேட்டாரு. அவருக்கு விசுவாசம் கம்மியாடி? அவரே ஒரு ஆள் கூட இருந்தா தேவலைன்னு நினைச்சிருக்காரு, நீ ஒரு கவுன்சிலர்கிட்ட போய் உட்கார்ந்து பேசினா அவருக்கு என்ன கோபம் வந்துடப் போகுது? நான் சுகர் மாத்திரையை ஸ்தோத்திரம் சொல்லித் தான் முழுங்குறேன், மாத்திரையும் வேலை செய்யுது, ஸ்தோத்திரமும் வேலை செய்யுது, ரெண்டும் இதுவரைக்கும் வயித்துக்குள்ள சண்டை போட்டதில்ல. படபடப்பு வரும்போது நீளமா ஜெபம் பண்ணணும்னு பாக்காத, அந்த நேரத்துல வார்த்தை வராது. மூச்சை இழுக்கும்போது அப்பான்னு சொல்லு, விடும்போது கூட இருங்கன்னு சொல்லு. நான் சோறு வடிக்கும்போது பண்றது அவ்வளவு தான். படபடப்பு போகலன்னா உனக்கு விசுவாசம் இல்லன்னு அர்த்தம் பண்ணிக்காத, இன்னொரு தடவை சொல்லு.

பக்கத்து வீட்டு தாட்சாயிணி, நம்ம ஊர்க் கோயில் குருக்கள் பஞ்சாட்சரத்தோட தங்கச்சி, உனக்குத் தலை பின்னி விடுவாளே, அவகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லி வெச்சிருந்தேன். பௌர்ணமிக்கு உன் பேரைச் சொல்லி மலையைச் சுத்திட்டு வந்திருக்கா. வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, அக்கா நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்குத் தெரிஞ்சது இது தான்னு சொன்னா. வெறுங்காலோட நடந்து பாதம் பூரா கொப்புளம். உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு, காலுக்கு வெந்நீர் ஊத்தி, நம்ம வரக்காப்பியைக் குடுத்தேன். காப்பியைக் குடிச்சுட்டு, கால் வலியே பரவால்லக்கான்னு சொல்றா.

இப்போ முக்கியமானதைச் சொல்றேன். நீ வெள்ளிக்கிழமை அழுததை நான் உங்கப்பாகிட்ட அப்படியே சொன்னேன். காணிக்கைக்காகத் தான் புள்ளை டாக்டர்கிட்ட போகாம இருக்கான்னு கேட்டதும் அவரு முகம் செத்துப் போச்சு. உங்கப்பா சபையில இத்தனை வருஷத்துல ஒரு நாள் எழுந்து நின்னு சாட்சி சொன்னது கிடையாதுன்னு உனக்கே தெரியும், நாலு பேர் பார்த்தா நாக்கு உள்ள போயிடும், அதனால தானே கவர்ல எழுதினாரு. ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல போதகர் யாராவது இருக்கீங்களான்னு கேட்டாரு, ஆண்கள் பக்கம் எழுந்து நின்னது உங்கப்பா. முன்னாடி இருந்த நாற்காலியைப் புடிச்சுக்கிட்டாரு. போன மாசம் என் மகளுக்கு சுகமாயிடுச்சுன்னு எழுதிப் போட்டேன், அது உண்மை இல்ல, என் பயத்துல எழுதினேன், அவளுக்கு இன்னும் மூச்சு முட்டுது, வியாழக்கிழமை மனசுக்குப் பாக்கிற கவுன்சிலர்கிட்ட போறா, அவ அங்க தனியா போறா, அதுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாரு. வாசிச்சது நானும் தானே, விசாரிக்காம வாசிச்சுட்டேன்னு போதகர் சொல்லிட்டு, வேற எதுவும் சொல்லாம அங்கயே ஜெபம் பண்ணாரு. எனக்கு உங்கப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு அன்னைக்குத் தான் முழு சந்தோஷம் வந்துச்சு, இதை அவரு போட்டோ எடுக்கும்போது படிச்சுடப் போறாரு, படிச்சா படிக்கட்டும்.

நேத்து ராஜம்மாள் அக்கா கீழ்பென்னாத்தூர்ல அவங்க தம்பி நிலத்துல விளைஞ்ச வேர்க்கடலையைப் பை நிறையக் கொண்டு வந்தாங்க. திட்டத் தான் வராங்கன்னு நான் தயாரா இருந்தேன். உட்கார்ந்து கடலையை உரிச்சுக்கிட்டே, நானும் ரொம்ப நாளா தூக்கத்துக்கு மாத்திரை போடுறேன் கிருபா, யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னாங்க. நான் யாருக்கும் சொல்லல, நீயும் சொல்லாத. உன்னைச் சாப்பிடச் சொல்லச் சொன்னாங்க, உபவாசம்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதேன்னும் சொன்னாங்க. வேர்க்கடலையை வறுத்து டப்பாவுல போட்டிருக்கேன், யாராவது அந்தப் பக்கம் வந்தா குடுத்து விடுறேன். உங்கப்பா கண்ணுல படாம இருந்தா தான்.

ஆக, இனிமே நீ காப்பாத்த வேண்டிய மானம் எதுவும் இங்க இல்ல. அவரே எழுந்து நின்னு கொட்டிட்டாரு. வியாழக்கிழமை நீ சுகமாகணும்னு இல்ல, அழாம பேசணும்னு இல்ல, போய் அந்த நாற்காலியில உட்கார்ந்தா போதும். இங்கிரிட் அம்மாகிட்ட உள்ள என்ன பண்ணுவாங்கன்னு விசாரிச்சேன். அவங்களும் அவங்க ஊர்ல ரொம்ப வருஷமா போறாங்களாம். ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நீ பேசுவே, அவங்க கேட்டுட்டு இருப்பாங்க, அழுதா துடைக்கப் பேப்பர் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. மழைக்கோட்டை மறந்துடாத, வெறும் வயித்தோட போகாத, இங்கிலீஷ்ல வார்த்தை வரலன்னா தமிழ்ல அழுதுட்டு அப்புறமா அர்த்தம் சொல்லு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்குவாரு, உன் நெத்தியில என் கை இருக்கிறதா நினைச்சுக்க. உனக்கு அங்க மத்தியானம்னா இங்க சாயங்காலம். நீ உள்ள போற நேரத்துலேர்ந்து வெளிய வர்ற வரைக்கும் முழங்கால்ல இருக்கப் போறேன்னு உங்கப்பா பிடிவாதமா சொல்லிட்டாரு. கிளச் மிதிச்சு மிதிச்சு தேஞ்ச முட்டி, டாக்டர் மடக்கவே கூடாதுன்னு சொல்லி வருஷக்கணக்கா நாற்காலியில உட்கார்ந்து தான் ஜெபம் பண்றாரு, சொன்னா கேட்கல. அதனால தயவு பண்ணி லேட் பண்ணாத, உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய நின்னு யோசிச்சுட்டு இருக்காத. முடிச்சுட்டு வெளிய வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு. அது வந்தா தான் நான் அவரைக் கையைப் புடிச்சுத் தூக்கி விட முடியும்.

உன்னைப் பெத்த,
கிருபாவதி இளவரசன்.